டெலிபோனுக்குள் ஒரு துபாஷி

கும்பினியார் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் துபாஷி என்று ஓர் உத்தியோகஸ்தர் இருந்தார். துரை பேசுவது நெசவாளிக்குப் புரியாது. நெசவாளி பேசுவது துரைக்குப் புரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் துபாஷி நின்று பேசினார். நடுவில் நிற்பவருக்கு வழக்கமாக எது சேருமோ அதுவும் அவருக்குச் சேர்ந்தது. அந்த உத்தியோகம் கும்பினியோடு ஒழிந்து போயிற்று என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒழியவில்லை. நீங்களும் நானும் கைப்பையில் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போகிறோமே, அந்த ஆண்ட்ராய்டு போனுக்குள் சாக்ஷாத் ஒரு துபாஷி குடியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் இவருக்கு 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். நான் 'மாய யந்திரம்' என்று சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு போனுக்குள்ளும் மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கிறது. ஒரு கம்பெனிச் சில்லின் பாஷை இன்னொரு கம்பெனிச் சில்லுக்குத் தெரியாது. ஆகவே ஒரு சீட்டாட்டப் புரோகிராம் எழுதுகிறவர், பத்து விதமான போனுக்குப் பத்துத் தடவை எழுத வேண்டும். இந்தத் தொல்லைக்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். உலகத்தில் இல்லாத யந்திரம் ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு ஒரு பாஷையையும் கற்பித்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர் அந்தக் கற்பனை யந்திரத்துக்காக ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். ஒவ்வொரு போனிலும் உட்கார்ந்திருக்கும் துபாஷி அதை அந்தந்தச் சில்லின் பாஷையில் எடுத்துச் சொல்லிவிடுவார்.

சரி, துபாஷி என்று இருந்தால் சம்பளம் என்று ஒன்று உண்டல்லவா? அந்தச் சம்பளத்தில் ஆரம்பித்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. அதைப் பற்றி என் பெண்ணும் என் அக்காவும் என் வீட்டுக் கூடத்தில் நடத்திய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

1995-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி 'ஜாவா' என்ற பாஷையையும் அதற்கான மாய யந்திரத்தையும் வெளியிட்டது. ஜேம்ஸ் காஸ்லிங் என்பவர் அதன் பிதா. ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்பதுதான் அவர்கள் போட்ட கோஷம். ஜாவாவின் முத்திரை ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. இருபது வருஷத்துக்கு முந்திய பட்டன் போன்களில் விளையாட்டு எதையாவது திறந்தால், அந்தக் கோப்பை திரையில் எட்டிப் பார்க்கும். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "மூணு மணி ஆச்சுன்னு ஞாபகப்படுத்தறதாக்கும்!" என்று சொல்லி, எனக்கும் சேர்த்து டிகாக்ஷன் இறக்கச் சொன்னார். நல்ல முத்திரைதான்.

அந்தக் கோப்பை இனாமாக வரவில்லை. போன்களுக்கென்று சன் கம்பெனி 'ஜாவா எம்.இ.' என்று ஒரு சின்னப் பதிப்பு தயாரித்திருந்தது. அதை வைத்துக்கொள்ளும் போன் கம்பெனிகள் சன்னுக்கு லைசென்ஸ் பணம் கட்டின.

2006 நவம்பரில் சன் ஒரு பெரிய காரியம் செய்தது. ஜாவாவை ஊருக்கெல்லாம் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உரிமைப் பத்திரத்துக்கு 'ஜி.பி.எல்.' என்று பெயர். அதன் சாரம் இது: எங்கள் சமையலறைக்குள் வா, எதை வேண்டுமானாலும் எடுத்துச் சமைத்துக்கொள், காசு வேண்டாம், ஆனால் எங்கள் சரக்கோடு உன் சரக்கைச் சேர்த்துச் சமைத்து ஊருக்குப் பரிமாறினால், உன் பக்குவத்தையும் ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். பெரிய கம்ப்யூட்டர்களுக்கான ஜாவாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்குச் சேர்த்தார்கள். எங்கள் சாமான்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ தனியாகச் சமைத்தால், உன் பக்குவத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று.

போன் ஜாவாவுக்கு அந்த விதிவிலக்கு இல்லை.

இந்த ஒரு வரியில்தான் மர்மம் முழுவதும் இருக்கிறது. போன் கம்பெனிகள் தங்கள் பக்குவத்தை வெளியில் சொல்லுமா? சொல்லாது. சொல்லாவிட்டால் இலவசப் பத்திரம் செல்லாது. பழையபடி சன்னிடம் வந்து பணம் கட்டித்தான் ஆகவேண்டும். வாசலில் தண்ணீர்ப் பந்தல், கொல்லைப்புறத்தில் டிக்கெட் கவுண்டர்! இதற்காகச் சன்னை நான் குறை சொல்ல மாட்டேன். பந்தல் போடுகிறவருக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. போன்களிலிருந்து வந்த வருமானத்தை அவர்கள் விட மனமில்லாமல் இருந்தது இயற்கை.

ஆனால் இன்னொன்று எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாச்சி என்ற தர்ம ஸ்தாபனம், யாரும் இலவசமாக உபயோகிக்கும்படி ஜாவாவின் சாமான்களைத் தாங்களே புதிதாக எழுதி 'ஹார்மனி' என்று பெயர் வைத்திருந்தது. ஜாவா என்று சொல்லிக்கொள்ளச் சன் நடத்தும் பரீட்சை ஒன்றில் தேறவேண்டும். அந்தப் பரீட்சைக்குச் சன் விதித்த நிபந்தனைகள் தேறிய சரக்கை இன்ன இடத்தில்தான் உபயோகிக்கலாம் என்று வேலி போட்டன. போன்கள் வேலிக்கு வெளியே இருந்தன. பாட்டுப் பரீட்சையில் தேறிய பெண்ணிடம், "பாடலாம், ஆனால் ரேடியோவில் மட்டும் பாடக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொள்வதுபோல! அப்பாச்சிக்காரர்கள் 2007 ஏப்ரலில் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். பலன் இல்லை.

இதற்குள் மேடைக்குக் கூகிள் வந்துவிட்டது. 2005-இல் ஆண்ட்ராய்டு என்ற சின்னக் கம்பெனியை அது வாங்கியிருந்தது. போனுக்கு ஜாவாவை வைத்துக்கொள்ளச் சன்னுடன் பேசிப் பார்த்தது. பேச்சு முறிந்தது. "உங்கள் துபாஷி வேண்டாம், நாங்களே ஒருவரைத் தயார் செய்துகொள்கிறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். சுமார் நூறு என்ஜினீயர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஆண்ட்ராய்டை எழுதினார்கள். 2007 நவம்பரில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

புதுத் துபாஷியை உருவாக்கியவர் டான் பார்ன்ஸ்டீன். அவர் அதற்கு வைத்த பெயர் 'டால்விக்'. அது ஐஸ்லாந்து தேசத்தின் வடகோடியில் இருக்கும் ஒரு மீன்பிடிக் கிராமம். பல வருஷங்கள் அந்த ஊரில் ஆகஸ்டு மாதம் ஒரு திருவிழா நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக மீன் விருந்து போட்டார்கள். லைசென்ஸ் தகராறிலிருந்து தப்பிக்கப் பிறந்த யந்திரத்துக்கு இலவசச் சாப்பாட்டு ஊரின் பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு திருப்தி.

ஜாவாவின் மாய யந்திரம் அடுக்குப் பாத்திரம் மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதைத்தான் முதலில் எடுக்க முடியும். டால்விக் அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகு ஓர் அறை, சீரகம் ஓர் அறை. எது வேண்டுமோ நேரே கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம். அப்போதைய போன்களின் சொற்ப ஞாபகசக்திக்கும் சின்னப் பாட்டரிக்கும் இது ஒத்து வரும் என்பது அவர்கள் கணக்கு.

இனி யுக்தியைக் கவனியுங்கள். புரோகிராம் எழுதுகிறவர் தமக்குப் பழக்கமான ஜாவா பாஷையிலேயே எழுதுகிறார். தம் சொந்தக் கம்ப்யூட்டரில், எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கருவியால் அதைப் பக்குவம் செய்கிறார். பிறகு வேறொரு கருவி அதை டால்விக்கின் லிபிக்கு மாற்றிவிடுகிறது. போனுக்குள் போவது டால்விக் லிபி மட்டும். அங்கே சன்னின் மாய யந்திரம் இல்லை, காப்பிக் கோப்பை இல்லை, ஜாவா என்ற பெயர்கூட இல்லை! கொல்லைப்புற டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, இவர்கள் பக்கத்துத் தெருவில் புது வாசல் வைத்துக் கிருகப் பிரவேசமே செய்துவிட்டார்கள். அப்போது சன்னின் தலைவராக இருந்த ஜொனாதன் ஷ்வார்ட்ஸ் பகிரங்கமாக வாழ்த்துச் சொன்னார். மனத்துக்குள் என்ன இருந்ததோ!

2010 ஜனவரியில் ஆரக்கிள் கம்பெனி சன்னைச் சுமார் 740 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கி முடித்தது. அந்த வருஷம் ஆகஸ்டு மாதமே கூகிள்மேல் வழக்குப் போட்டது. எங்கள் பேடண்ட் உரிமையை மீறினார்கள் என்பது ஒரு புகார். எங்கள் பெயர்களைக் காப்பியடித்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் சுவாரசியம்.

ஜாவாவில் வரிசை வரிசையாக டப்பாக்கள் உண்டு. ஒவ்வொன்றின்மேலும் ஒரு சீட்டு. 'இரண்டு எண்ணில் பெரியது எது' என்று கேட்க ஒரு சீட்டு. 'இன்றைக்கு என்ன தேதி' என்று கேட்க ஒரு சீட்டு. எழுதுகிறவர் சீட்டின் பெயரைச் சொன்னால், டப்பாவுக்குள் இருக்கும் புரோகிராம் வேலையைச் செய்யும். கூகிள் டப்பாவுக்குள் இருப்பதைத் தானே புதிதாக அரைத்துக்கொண்டது, ஹார்மனியிலிருந்தும் எடுத்துக்கொண்டது. ஆனால் வெளியே ஒட்டிய சீட்டுகளில் 37 அலமாரிக்குரியவற்றை, அதே பெயரில், அதே வரிசையில் வைத்துக்கொண்டது. சுமார் 11,500 வரிகள். மொத்தம் 28 லட்சத்து 60 ஆயிரம் வரியில் அது 0.4 சதவிகிதம். ஏன் அப்படிச் செய்தார்கள்? சுமார் 60 லட்சம் பேர் அந்தச் சீட்டுகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். சீட்டை மாற்றினால் அவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இங்கேதான் என் அக்கா வந்து சேருகிறாள். மயிலாப்பூரில் பதினைந்து வருஷமாகப் பொடி வகைகள் செய்து விற்கிறாள். பெயர் வைப்பதில் அவள் கெட்டிக்காரி. அவசரமாகச் சாதத்தில் பிசைந்துகொண்டு ஓடுகிறவர்களுக்கு 'ஆபீஸ் பொடி'. ரயில் பிரயாணத்துக்கு 'ஊர்ப்பயணப் பொடி'. வயிறு சரியில்லாதவர்களுக்கு 'சமாதானப் பொடி'. நாலு வருஷத்துக்கு முன் அடுத்த தெருவில் ஒரு கடை வந்தது. அங்கேயும் ஆபீஸ் பொடி, ஊர்ப்பயணப் பொடி, சமாதானப் பொடி. வரிசைகூட மாறவில்லை! அக்கா வாங்கி வந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருப்பது அவள் பக்குவம் இல்லை. மிளகு தூக்கலாக இருந்தது. "இவன் கையால அரைச்சுட்டு என் வாயால விக்கிறான்" என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

இந்த வழக்கை என் பெண் விவரிக்க ஆரம்பித்தபோது, அக்கா பாதியிலேயே ஆரக்கிள் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

"பேர் வச்சது யாரு? ஜனங்க வாயில அந்தப் பேரைப் பழக்கினது யாரு? அதுக்குக் கூலி கிடையாதா?"

"பெரியம்மா, ஜனங்க பழகினதும் ஓர் உழைப்புதானே? அந்தப் பழக்கம் ஜனங்களோட சொத்தில்லையா?"

"நீ படிச்சவ, அப்படித்தான் பேசுவ."

வக்கீல்கள் யாராவது இதைப் படித்தால், கடைச் சரக்கின் பெயருக்கு டிரேட்மார்க், எழுத்துக்குக் காப்பிரைட், இரண்டும் வேறு என்று என்னைத் திருத்துவார்கள். எனக்கும் தெரியும். அக்காவின் கோபத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

என் பெண்ணுக்கும் இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அவள் கல்லூரியில் படித்தது ஜாவா. 2013-இல் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு சின்ன ஆபீஸில் ஆண்ட்ராய்டு போன்களுக்குப் புரோகிராம் எழுதுவது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சுங்குடிப் புடவை வாங்கினாள். சான்பிரான்சிஸ்கோ கோர்ட்டில் யாரோ நீதிபதி ஒரு கையெழுத்துப் போட்டால், அந்தப் புடவைக்கு மூலமான வேலை ஆட்டம் காணுமா என்று நான் யோசித்ததுண்டு.

கோர்ட்டில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாய்தாக் கதைகள் நமக்குப் புதிதா என்ன? 2012-இல் வில்லியம் ஆல்சப் என்ற நீதிபதி முன் விசாரணை நடந்தது. அவர் தாமே புரோகிராம் எழுதத் தெரிந்தவர். பேடண்ட் மீறல் இல்லை என்றது ஜூரி. வரிக்கு வரி அப்படியே காப்பி என்று பெரிதாகப் பேசப்பட்டது ஒரு 9 வரித் துணுக்கு. அதை எழுதியவர் சன்னில் இருந்து பிறகு கூகிளுக்குப் போனவர். இம்மாதிரி வரிகளை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன் என்கிற பாவனையில் நீதிபதி வக்கீலைக் கேட்டதாகச் செய்தி. அந்தச் சில்லறைக்கு நஷ்ட ஈடு பூஜ்யம் டாலர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. சீட்டுகளுக்குக் காப்பிரைட் கிடையாது என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார்.

2014 மே மாதம் அப்பீல் கோர்ட்டு, "உண்டு" என்று புரட்டிவிட்டது. அன்று இரவு என் பெண் நேரங்கழித்து வந்தாள். ஆபீஸில் எல்லாரும் காண்டீனில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்களாம். "யாரும் நம்மைக் கேக்க மாட்டாம்மா. ஆனா நாளைக்கு எதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் எவன் சீட்டோன்னு பார்க்கணும்னா, எங்க மாதிரி பத்துப் பேர் கம்பெனி என்ன பண்ணும்?" என்று சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மோரை ஊற்றினேன்.

2016-இல் மறுபடி ஜூரி. ஆரக்கிள் கேட்ட தொகை இப்போது சுமார் 900 கோடி டாலர். நியாயமான உபயோகம்தான் என்று ஜூரி கூகிள் பக்கம் நின்றது. 2018-இல் அப்பீல் கோர்ட்டு அதையும் புரட்டியது. கடைசியில் 2021 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகிளுக்குச் சாதகமாக முடிவு சொன்னது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஸ்டீபன் பிரேயர், சீட்டு விவகாரத்தை விளக்கச் சமையலறைக்கே வந்துவிட்டார். ஒரு யந்திர மனிதனுக்கு விசைகளைத் தட்டி உத்தரவு கொடுக்கிறோம். அவன் இன்ன அலமாரிக்குப் போய், இன்ன இழுப்பறையைத் திறந்து, இன்ன சமையல் குறிப்பை எடுத்து, சமையல்காரரிடம் கொடுக்கிறான். அவர் பண்டத்தைச் செய்கிறார். சமையல் வேறு, கூப்பிடும் முறை வேறு. சீட்டுகளுக்குக் காப்பிரைட் உண்டா என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், ஜனங்கள் தங்கள் பழக்கத்தைப் புது இடத்தில் உபயோகிக்கத் தேவையான அளவுதான் எடுத்தார்கள், அது நியாயம் என்றார்.

மாறுபட்ட இருவர் சார்பில் கிளாரன்ஸ் தாமஸ் எழுதியதை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். சாம்சங் கட்டிவந்த தொகை 4 கோடி டாலரிலிருந்து சுமார் 10 லட்சமாக விழுந்ததாம். அமேசானோ இலவச ஆண்ட்ராய்டைக் காட்டி 97.5 சதவிகிதம் தள்ளுபடி வாங்கியதாம். அக்கா ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "எனக்கும் பாதி வியாபாரம் போயிடுத்து. நான் யார் கிட்டயும் கணக்குக் காட்டலை" என்றாள்.

என் அபிப்பிராயம் என்னவென்றால், சீட்டுகள் விஷயத்தில் நான் என் பெண் கட்சி. அறுபது லட்சம் பேர் மனப்பாடம் செய்த பிறகு ஒரு பெயருக்குப் பூட்டுப் போட்டால், அந்தப் பூட்டு அவர்கள் நாக்கின்மேல் விழுகிறது. ஆனால் ஜாவாவைப் பெற்று வளர்த்த சன், தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. விலைக்கு வாங்கியவர்தான் இழவு காத்தார். அதை நினைக்கும்போது ஜெயித்த கட்சியில் நின்று கை தட்ட எனக்குத் தோன்றவில்லை.

ஜெயித்தவரும் பூட்டை அறியாத குழந்தை அல்ல. ஆண்ட்ராய்டு இலவசம், வாஸ்தவம். ஆனால் கூகிளின் கடைத்தெருவான 'பிளே ஸ்டோர்' வேண்டுமானால் போன் கம்பெனிகள் அதற்குத் தனி லைசென்ஸ் வாங்கவேண்டும். எங்கள் தேடுகருவியையும் கூடவே வைத்தால்தான் கடைத்தெரு என்று அதில் கட்டு வைத்தார்கள் என்பதற்காக, ஐரோப்பிய கமிஷன் 2018-இல் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022-இல் ஒரு கோர்ட்டு அதைச் சிறிது குறைத்து 412.5 கோடியாக்கியது. கவுண்டர் போய்விடவில்லை, வேறு வாசலுக்கு மாறியிருக்கிறது.

டால்விக் துபாஷிக்கும் வேலை போய்விட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் ஆண்ட்ராய்டில் 'ஆர்ட்' என்ற புதியவர் பதவி ஏற்றார். முந்தியவர் ஆள் பேசப் பேச மொழிபெயர்ப்பார். இவர் புரோகிராம் போனில் வந்து இறங்கும்போதே முழுவதையும் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார். 2016-இல் வந்த ஏழாம் ஆண்ட்ராய்டிலிருந்து ஹார்மனிச் சாமான்களும் போய், ஜாவாவின் இலவசப் பதிப்பான 'ஓபன் ஜே.டி.கே.' வந்துவிட்டது. சன் அந்த விதிவிலக்கைச் சேர்த்ததே, அந்தப் பெரிய கம்ப்யூட்டர் ஜாவா! இத்தனை கலாட்டாவுக்கும் பிறகு தண்ணீர்ப் பந்தல் வாசல் வழியாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். சிரித்து வெகு நாளாயிற்று. இப்போது கறிவேப்பிலையும் கொள்ளும் போட்டு என்னவோ புதிதாக அரைத்திருக்கிறாள். வாசனை தூக்குகிறது. "பேர் என்ன அக்கா?" என்று கேட்டால், கதவைச் சாத்திவிட்டு வா என்கிறாள்.